இடது காலில் சிவப்பு வளையம்

"பஸ்ஸைக் கோட்டை விட்டவர் மாதிரி இன்னும் நிக்கறீங்களே அண்ணே, உங்க உள்ளான் வரலையா?"

துறைமுகக் காவல்காரர் கிண்டலாகத்தான் கேட்டார். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஊரையே காக்க வைத்தவர் டிரைவர். இப்போது கைப்பிடி அளவுப் பறவை ஒன்று அவரைக் காக்க வைத்துக்கொண்டிருந்தது.

"வரும். குளிர் இப்பதானே விட்டிருக்கு," என்றார், பைனாகுலரை இறக்காமலே.

வடக்கே போகிற கூட்டம் சேற்றில் இறங்கி மேய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றின் காலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றிலும் வளையம் இல்லை.

அவருடைய ஒரே மகள் பறவை ஆராய்ச்சி செய்தவள். இதே சேற்றில் ஓர் உள்ளானைப் பிடித்து, இடது காலில் பதினேழாம் எண் சிவப்பு வளையத்தை மாட்டிப் பறக்கவிட்டாள். அடுத்த வருடம் அது திரும்பி வந்தபோது அவள் இல்லை. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

"பறவை செத்துகித்துப் போயிருந்தா?" என்றார் காவல்காரர்.

"வளையத்தைக் கண்டெடுக்கறவங்க ஆராய்ச்சி ஆபீஸுக்கு அனுப்புவாங்க. அங்கேருந்து நம்ம வீட்டுக்கு வந்துடும். இதுவரைக்கும் வரலையே."

கடல் ஏறியதும் கூட்டம் எழும்பிப் போய்விட்டது. திரும்பும்போது வேலிக் கம்பியில் மாட்டிக் கோட்டின் பொத்தான் தெறித்தது.

வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. மகள் போன பிறகு மனைவி வாய்விட்டுப் பேசுவது வருடத்தில் ஒரு நாள்தான், அந்தப் பறவை வந்த நாள். போன இரண்டு வருடமும் அதைக் காணோம். அவளிடம் வந்ததாகப் பொய் சொல்லியிருந்தார். இனி வராதோ என்ற பயம் தன்னோடு இருக்கட்டும் என்று நினைத்தார்.

கதவைத் திறந்தவளிடம் முந்திக்கொண்டு சொன்னார்: "வந்துடுச்சு."

"நெஜமாவா? நம்பரைப் பார்த்தீங்களா?"

"பார்க்காம? பதினேழேதான். கொஞ்சம் இளைச்சுப் போயிருக்கு."

"அவ்வளவு தூரம் பறந்தா இளைக்காதா? நம்ம பொண்ணும் ஹாஸ்டல்லேருந்து அப்படித்தானே வந்து நிப்பா." சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "உட்காருங்க, பால் காய்ச்சறேன்."

சமையலறையில் பாத்திரச் சத்தத்தோடு அவள் பேச்சும் கேட்டுக்கொண்டே இருந்தது. மகளின் சின்ன வயதுக் குறும்புகள் ஒன்றொன்றாக வந்தன. பொய்யால் வந்தாலும் பேச்சு பேச்சுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

அடுப்படியில் இருப்பவளைக் கூப்பிடுவானேன் என்று, பொத்தானைத் தானே தைக்க அவளுடைய தையல் டப்பாவை எடுத்தார். இத்தனை வருடத்தில் அவர் கை அதில் பட்டதே இல்லை.

"அடுத்த வருஷமும் வரும் பாருங்க," என்றாள் உள்ளேயிருந்து. "நீங்க போய் நிக்கணும், அவ்வளவுதான்."

டப்பாவின் அடியில், பொத்தான்களோடு உரசி உரசி நிறம் மங்கிப்போய்க் கிடந்தது, பதினேழாம் எண் சிவப்பு வளையம்.