அரம் போட்ட இடம்

"அது என் ரெஞ்சு" என்றார் பக்கிரிசாமி.

பிரிக்ஃபீல்ட்ஸில் பழைய சாமான் கடை வைத்திருந்த அருளப்பன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "காசு குடுத்து வாங்கி வச்சிருக்கேன், அண்ணே."

"நேத்து துரை வீட்டுல குழாய் மாட்டிக்கிட்டு இருந்தேன். சாப்பிட்டு வர்றதுக்குள்ள எவனோ தூக்கிட்டான். திருட்டுச் சாமான் வாங்க உனக்கு வெக்கமா இல்ல?"

"உங்களுதுன்னு எப்படி நம்புறது?"

பக்கிரிசாமிக்குக் கால் கடுத்தது. காலையிலிருந்து கடை கடையாக ஏறி இறங்கியிருந்தார். ரப்பர் விலை விழுந்து, வேலை கிடைப்பதே குதிரைக்கொம்பாகிவிட்ட வருஷம் அது. ரெஞ்சு இல்லாமல் போய் நின்றால் காண்ட்ராக்டர் வேறு ஆளை வைத்துக்கொள்வார்.

"பிடியோட அடியில தடவிப் பாரு. ஒரு இடம் மட்டும் வழவழன்னு இருக்கும். என் கையால அரம் போட்டு ராவினது."

அருளப்பன் தடவினார். வழவழவென்றுதான் இருந்தது.

"இப்ப என்ன சொல்ற? குடுக்குறியா, போலீசைக் கூட்டிட்டு வரவா?"

"கூட்டிட்டு வாங்க. ஆனா, ராவுறதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சுன்னு கேப்பாங்களே, அண்ணே."

அங்கே இருந்தது அம்பாங் ஈயச் சுரங்கக் கம்பெனியின் முத்திரை. ஆள் குறைப்பில் வேலை போன அன்று பக்கிரிசாமி வேட்டிக்குள் செருகிக்கொண்டு வந்த ரெஞ்சு அது.

அருளப்பன் கொட்டாவி விட்டார்.

"இங்க தேடி வர்ற எல்லாரும் இதே அடையாளத்தைத்தான் சொல்றாங்க. உக்காருங்க, விலையைப் பேசுவோம்."