அர்ச்சனைக்கு ஒரு பேர்

குருக்கள் தட்டோடு மலைக்கோயில் படியிறங்கி வருவதற்குள் ரத்தினவேல் பானெட்டை இன்னொரு முறை துடைத்துவிட்டார்.

துடைக்க அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் துடைத்தார்.

பச்சை அம்பாசடர். ஐம்பது வயதைத் தாண்டியது. டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் சக்கரம் இல்லாமல், வயிற்றில் செடி முளைத்துக் கிடந்தது. அதை லாரியில் ஏற்றி மயூர் விஹாருக்குக் கொண்டுவந்து இறக்கியபோது குடியிருப்பின் செக்ரட்டரி தனியாக அழைத்து, "ரிட்டையர் ஆனா யோகா பண்ணுங்க, இதெல்லாம் எதுக்கு?" என்றார்.

யோகாவுக்குப் போன செக்ரட்டரிக்கு இப்போது இடுப்பு பிடித்திருக்கிறது. அது வேறு கதை.

அடித்தகடு முழுக்கத் துரு. வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தார். எஞ்சினை இறக்கிப் பிரித்தார். காஷ்மீரி கேட்டில் கடை கடையாக ஏறி பிஸ்டன் ரிங் தேடினார். ஒரு குளிர்காலமும் ஒரு வெயில்காலமும் வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்தே போயின. மனைவி வள்ளி டீயைத் தரையில் வைத்துவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காலோடு பேசிவிட்டுப் போவாள்.

பெயின்ட் அடிப்பவன், வெள்ளைதானே என்று கேட்டான். வெள்ளை மட்டும் வேண்டாம் என்றார்.

வேலையில் இருந்தபோது ஓட்டியதெல்லாம் வெள்ளை. அரசாங்க வண்டி. பின்சீட்டில் வெள்ளைத் துண்டு, அதன்மேல் ஓர் அதிகாரி. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி இதே மலைக்கோயில் அடிவாரத்துக்குக் கொண்டுவருவார். அதிகாரிகள் சில வருஷம் கூட வருவார்கள். வராத வருஷங்களில் குருக்களிடம் அவர்கள் பேரையும் நட்சத்திரத்தையும் ரத்தினவேல்தான் சொல்லுவார். யார் வந்தாலும் வராவிட்டாலும் அர்ச்சனை அதிகாரி பேருக்கு.

நடுவில் சொந்தமாக ஒரு பழைய ஃபியட் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் வாசலில் அதைப் பிரித்து மாட்டுவார். ஆயுத பூஜையன்று அது வாசலிலேயே நிற்கும். அவர் அதிகாரி வண்டியோடு இங்கே நிற்பார். பிறகு பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிகள் டெல்லியில் ஓடக் கூடாது என்று உத்தரவு வந்தது. பழைய இரும்பு வாங்கும் கபாடிக்காரன் ஃபியட்டைக் கயிறு கட்டி இழுத்துப்போனான்.

ஐம்பது வயதைத் தாண்டிய காருக்கு விண்டேஜ் என்று தனி நம்பர் தருவார்கள் என்பது ஓய்வுபெற்ற பிறகுதான் தெரிந்தது. பதினைந்து வயதில் சாகச் சொல்லும் சட்டம், ஐம்பதைத் தாண்டிவிட்டால் கும்பிடுகிறது.

அன்றைக்கே முடிவுசெய்துவிட்டார். இன்னொரு கார். தன் கையால். அதை இங்கே கொண்டுவந்து நிறுத்தி, ஒரு தடவையாவது தன் பேருக்கு அர்ச்சனை.

ஒரு சிக்கல் இருந்தது. விண்டேஜ் வண்டியை நினைத்த இடத்துக்கெல்லாம் ஓட்டக் கூடாது, கண்காட்சிக்கு வேண்டுமானால் எடுத்துப்போகலாம் என்று நம்பர் கொடுத்தவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். காலையில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் யோசித்து நின்றபோது, வள்ளி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"சாமி பாக்குறதும் கண்காட்சிதான். ஜல்தி எடுங்க."

ரிங் ரோடு முழுக்க ஆட்கள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள். ஆஷ்ரம் சந்திப்பு நெரிசலில், பெரிய காரில் இருந்த ஒருவன் விற்கிறீர்களா என்று ஹிந்தியில் கேட்டான். அவனுக்கு வள்ளியே ஹிந்தியில் பதில் சொன்னாள். இவரையும் சேர்த்து எடுத்துக்கறதா இருந்தா சொல்லு பையா என்றாள்.

மேம்பாலத்தில் வண்டி ஒரு இருமல்கூட இருமவில்லை.

குருக்கள் பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். எலுமிச்சம்பழங்களைச் சக்கரங்களுக்கு முன்னால் வைத்தார். பிறகு குனிந்து பின்சீட்டைப் பார்த்தார். ரத்தினவேலை அவருக்குப் பல வருஷமாகத் தெரியும்.

"சார் வரலையா?"

"வண்டி என்னுது சாமி. சாரு நான்தான்."

குருக்கள் நிமிர்ந்து அவரை ஒருமுறை முழுசாகப் பார்த்தார். "பேஷ். பேரைச் சொல்லுங்கோ."

"ரத்தினவேல்."

குரல் கொஞ்சம் கூடுதலாகவே வந்துவிட்டது. பக்கத்தில் புது ஸ்கூட்டருக்குப் பூஜை செய்ய நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றார்.

"நட்சத்திரம்?"

"உத்திரட்டாதி."

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. குருக்கள் பேரையும் நட்சத்திரத்தையும் சேர்த்து உரக்கச் சொல்லி அர்ச்சனையை ஆரம்பித்துவிட்டார்.

வள்ளி முழங்கையால் இடித்தாள். "அது யாருதுங்க? உங்களுக்குத்தான் நட்சத்திரமே கிடையாதே."

கிடையாதுதான். ரத்தினவேல் பிறந்தது தருமபுரிப் பக்கம், பாதி போட்ட ரோட்டோரம். அம்மா ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பெற்றுப் புளியமரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு, நாலாம் நாள் மறுபடி சுத்தியலைத் தூக்கினாள். நேரத்தை யாரும் பார்க்கவில்லை. பார்க்க யாரிடமும் கடிகாரம் இல்லை.

"சேஷன் சாருது," என்றார் மெதுவாக. "கடைசியா ஓட்டினேனே, அவரு."

"ஐயோ. நிறுத்தச் சொல்லுங்க. தப்பாப் போகுதுல்ல."

கற்பூரத் தட்டு அவர் முன்னால் வந்தது. ரத்தினவேல் இரண்டு கையாலும் ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

"எதுக்கு நிறுத்தணும்? அத்தனை வருஷம் நான் அவருக்கு ஓட்டலையா. இன்னைக்கு ஒரு நாள் அவரு நட்சத்திரம் எனக்கு ஓட்டட்டும்."