சிங்கப்பூர் சிடி

"இருந்த ஒரே கேம் சிடியும் கீறல் விழுந்துபோச்சுன்னு சிங்கப்பூர்லேருந்து இதை வரவச்சோம். புது சிடி ஓடாதுன்னா எப்படி அண்ணாச்சி?" கோவில்பட்டி பஜாரில் ரிப்பேர் கடைக்காரரிடம் எகிறினார் லிங்கராஜ்.

"உங்க கேம் மெஷின் துபாய்ல வாங்குனது. சிங்கப்பூர் பக்கம் விக்கிற சிடிய துபாய் பக்கம் விக்கிற மெஷின் எடுக்காது. கம்பெனிக்காரனே பூட்டுப் போட்டுத்தான் விக்கான்."

தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குக்கூடப் போகாமல் ஆத்திரத்தோடு வீட்டுக்கு வந்த லிங்கராஜ், சிங்கப்பூரிலிருக்கும் மைத்துனன் முத்துசெல்வத்துக்குப் போன் போட்டார்.

"விடுங்க, பையனுக்குப் பரீட்சை முடியட்டும்" என்றாள் மனைவி உமாதேவி.

"நீ சும்மா இரு!... ஏலே மாப்ள, இங்க உள்ளது துபாய் மெஷின்னு உனக்குத் தெரியும்லா? பாத்து வாங்கக் கூடாதா?"

"பாத்துத்தான் வாங்குனேன் அத்தான்" என்று இழுத்தான் முத்துசெல்வம். "அங்கன ஓடாத சிடியா அனுப்புன்னு அக்காதான் சொன்னா."

"அவ எதுக்குலே அப்படிச் சொல்லணும்?"

"மருமவன் அவகிட்ட அழுதிருக்கான். பழைய சிடி ஓடுன வரைக்கும், ராத்திரி பகலா நீங்க கார் ரேஸ் விட்ட சத்தத்துல ஒரு பாடம்கூடப் படிக்க முடியலையாம்."

லிங்கராஜ் போனை வைத்துவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குக் கிளம்பினார்.