காய்க்காத ஜோடி

ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப் பிரிவிலிருந்து டிபன் பாக்ஸோடு வந்த கணவனைப் பசுமைக்குடில் வாசலில் பார்த்ததுமே அவளுக்கு அழுகை முட்டியது.

“இந்தத் தடவையும் ஒரு விதைக்காய்கூடப் பிடிக்கலைங்க. எனக்கு மகரந்தம் வைக்கவே தெரியலையாம். எல்லார் முன்னாடியும் டைரக்டர் கிழிகிழின்னு கிழிச்சுட்டார்.”

“விடு, செடிங்களுக்குள்ள ஏதாவது மனஸ்தாபமா இருக்கும்.”

அவள் சிரிக்கவில்லை. எதிரெதிர்த் தொட்டிகளில் இரண்டு முட்டைக்கோஸ் செடிகள் மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்கின.

“இது ரொம்ப ரோஷக்காரச் செடிங்க. தன்னோட மகரந்தம் தன் பூவுல விழுந்தா, இது நானேதான்னு கண்டுபிடிச்சு ஒதுக்கிடும். மரபணுவுலயே அந்த அடையாளம் இருக்கு. வேற வம்சம்னா தாராளமா காய்க்கும். இது ரெண்டும் வேற வேற வம்சம். அப்பவும் காய்க்கலைன்னா என் கைதானே சரியில்ல?”

அவன் தலை தானாகக் கவிழ்ந்தது.

“என்னால உங்களுக்கும் தலைகுனிவு, இல்ல?” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நான் ஆஸ்பத்திரில கிடந்தப்ப நீங்க தண்ணி ஊத்திக் காப்பாத்திக் கொடுத்த செடி. அதைக்கூட ஒழுங்கா காய்க்க வைக்கத் துப்பில்ல. வேலையை விட்டுடறேங்க.”

அவள் அப்போது ஒப்படைத்துவிட்டுப் போன வலதுபக்கச் செடி, அவன் தண்ணீர் ஊற்ற மறந்ததில் கருகிப்போயிருந்தது. இப்போது அந்தத் தொட்டியில் பூத்து நிற்பது, இடதுபக்கச் செடியிலிருந்து அவன் ரகசியமாக ஒடித்து நட்ட கிளை.