வாரேன் என்று சொல்லும் வரை

“பார்ப்போம்.”

மாலதியின் லேப்டாப்பில் மறுபடியும் அதே பதில் விழுந்தது. மும்பையை அடுத்த கல்யாணில் இருக்கும் அவளுடைய அண்ணன் சுடலைக்கண்ணன், அவளைப் போலவே கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன், ஒரு மணி நேரமாக இந்த ஒரு சொல்லைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

தாராவி மண்டபத்தில் பந்திக்கு இலை போட்டாயிற்று. காது குத்த ஆசாரியும் வந்துவிட்டார். மாலதியின் மகளை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமனைத்தான் காணோம். பத்திரிகையில் தன் பெயரை இரண்டாவதாகப் போட்டுவிட்டார்கள் என்று கோபம்.

“தாய்மாமன் மடி இல்லாம எப்படிட்டி காது குத்த?” என்றாள் அம்மா பேராச்சி. “அவனக் கெஞ்சாம பொட்டியத் தட்டிட்டிருக்க.”

“பொட்டிதாம்மா கெஞ்சுது.” விளக்கிச் சொல்வதென்றால் மாலதிக்குக் கொண்டாட்டம். “கம்ப்யூட்டருக்கு நான் எழுதிவச்ச நாலு வரி கட்டளை, ஷெல் ஸ்கிரிப்ட். இதுக்குப் பேரு அன்டில் லூப். அண்ணன் ‘வாரேன்’னு சொல்லிட்டானான்னு முதல்ல பாக்கும். சொல்லலன்னா, ‘அண்ணே, வந்துருண்ணே’ன்னு அனுப்பும். கொஞ்சம் பொறுத்து, திரும்ப முதல்லேருந்து பாக்கும். சொல்லிட்டா தானா நின்னுரும்.”

“அவன் சொல்லவே இல்லன்னா?”

“உலகம் அழியுற வரைக்கும் கெஞ்சும்.”

“மானம் ரோஷம் இல்லாத சாமானா இருக்கே.”

“அதான் அத விட்டிருக்கேன்.”

திரையில் அடுத்த ‘வந்துருண்ணே’ கிளம்பியது. மாலதி கண் சிமிட்டுவதற்குள் ‘பார்ப்போம்’ வந்து விழுந்தது.

“பதில் போடுத வேகத்துக்கு ஃபாஸ்ட் லோக்கல் ரயிலப் பிடிச்சிருந்தா, இந்நேரம் தாதர்ல இறங்கிருப்பான்,” என்று பல்லைக் கடித்தாள் பேராச்சி.

ஆசாரி எழுந்து வேட்டியை உதறினார். “செம்பூர்ல இன்னொரு காது காத்திட்டிருக்கும்மா.”

மாலதிக்குச் சிரிப்பு போய்விட்டது. மகளுக்குக் கட்டியிருந்த பட்டுப்பாவாடையைப் பார்த்தாள்.

அப்போது வாசலில் சலசலப்பு. ரயில் கூட்டத்தில் கசங்கிய சட்டையும் தலைக்கு மேல் தூக்கிய சீர்த்தட்டுமாக சுடலைக்கண்ணன் உள்ளே நுழைந்தான். நேரே மணையில் உட்கார்ந்து, மருமகளை வாரி மடியில் வைத்துக்கொண்டான்.

அவன் இரண்டு கைகளும் குழந்தையைப் பிடித்திருந்தன. லேப்டாப்பில் இன்னொரு ‘பார்ப்போம்’ விழுந்தது.

“அண்ணே, அப்போ இது யாரு?”

“கோபப்படுத வேலைய மெஷின்கிட்ட விட்டுட்டு நான் அப்பவே கிளம்பிட்டேன்ட்டி.”