இரைச்சல் இருந்த நாட்கள்

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தின் கரை நிலையத்தில் இருந்து படகுகளோடு வயர்லெஸ்ஸில் பேசுவது டெல்மாவின் வேலை. அவள் கணவன் ரெமிஜியுஸ் ஆழ்கடல் விசைப்படகு ஓட்டினான். கல்யாணமான புதிதில் அவன் குரல் பெரும் இரைச்சலுக்குள் இருந்துதான் வரும். "சாப்டியா" என்று அவன் கேட்டால் அவளுக்குக் "காப்பியா" என்று கேட்கும். விட்டுப்போன பாதியைத் தானே நிரப்பிக்கொண்டு சிரிப்பாள்.

இந்த ஆண்டு நிலையத்துக்கு மீகடத்தி ஏற்பி என்ற புது வயர்லெஸ் கருவி வந்தது. கடுங்குளிரில் வைத்த அதன் மின்னணுச் சில்லு, காற்றில் இருந்த எல்லா அலைவரிசைகளையும் ஒருசேர வாங்கி, ஒவ்வொரு படகின் குரலையும் சுத்தமாகப் பிரித்துத் தந்தது.

"நல்லாருக்கேன் புள்ள," என்றான் ரெமிஜியுஸ். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. சொற்களுக்கு நடுவே அவன் மூச்சு விசிலடித்தது.

"எப்பருந்து மூச்சு இப்படி இழுக்கு?"

"ரொம்ப வருசமாச்சி. கடல் காத்துக்கு மட்டுந்தான் வரும். நீ பயப்படுவேன்னு சொல்லல."

"படகத் திருப்புங்க."

"வல கடல்ல கெடக்கு."

"இழுத்துட்டுத் திருப்புங்க. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

அவன் கரை சேரும்வரை ஒவ்வொரு மூச்சையும் கேட்டாள். தான் சிரித்த அந்த நாட்களிலும் அவன் இப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தானா என்று நினைத்தபோது கண் கலங்கியது.

டாக்டர் ஆழ்கடலுக்குப் போவதை நிறுத்தச் சொன்னார். இப்போது சாயங்காலம் நிலைய வாசலில் பைக்கோடு அவன் காத்திருக்கிறான். உள்ளே ஏற்பியில் எல்லாப் படகுகளும் துல்லியமாகப் பேசுகின்றன. சில நேரம் டெல்மா அவற்றுக்கு நடுவே அவன் குரலைத் தேடுகிறாள்.