ஒரு பிடி கீரைக்கு எவ்வளவு தூரம்?

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த பேச்சி எலிக்குக் கையே ஓடவில்லை. வாசலில் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. ஒன்று ஆமை, இன்னொன்று ஆட்டுக்குட்டி. வீட்டுக்கு எதை எடுப்பது என்று இன்றைக்கு முடிவு செய்தாக வேண்டும்.

"ஒரு பிடி கீரைக்கு எவ்வளவு தூரம் குடுப்பீங்க?" என்று கேட்டான் அவள் புருஷன் சுடலை.

"ஒரே இலை போதும், சந்தைக்குப் போய்த் திரும்பிடலாம்" என்றது ஆமை.

ஆட்டுக்குட்டியோ மென்றுகொண்டிருந்தது. அதன் வாய் நிறையக் கீரை. பேச்சி உருவி வைத்ததில் பாதியைக் காணோம்.

"பாத்தியா பேச்சி, இது நம்மள ஓட்டாண்டி ஆக்கிடும். ஆமையவே எடுத்துருவோம்" என்றான் சுடலை.

ஆட்டுக்குட்டி துள்ளி வந்ததைப் பார்த்ததிலிருந்து பேச்சியின் மனசு அதன் முதுகில்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் புருஷனை எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

"எதுக்கும் ஒரு தடவை ஏறிப் பாத்துருங்களேன்" என்று கீரையிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

சுடலை முனகிக்கொண்டே ஆட்டுக்குட்டி மேல் ஏறினான். ஆட்டுக்குட்டி ஒரே தாவலில் வேலியைத் தாண்டியது. அந்தப் பக்கம் ஒரு கூச்சல் கேட்டது. பயமா, சிரிப்பா என்று தெரியவில்லை.

திரும்பி வந்தபோது அவன் மீசை பின்னால் மடிந்து கிடந்தது.

"எப்படிங்க இருக்கு?"

"தீனி அதிகந்தான்" என்றான் மூச்சு வாங்க. "சரியா கணக்குப் பாக்கணும்னா இன்னொரு சுத்து போகணும்."

ஆமை சத்தமில்லாமல் தன் வீட்டுப் பக்கம் திரும்ப ஆரம்பித்தது.

பேச்சி தலையைக் குனிந்துகொண்டு, "அப்போ நானும் ஒரு தடவை" என்று இழுப்பதற்குள், "மிச்சக் கீரைய எடுத்துக்கிட்டு நீயும் வந்து ஏறு புள்ள" என்று அவன் கூப்பிட்டுவிட்டான். உருவாத கீரையைக் காம்போடு அள்ளி மடியில் கட்டிக்கொண்டு அவள் ஓடிப்போய் அவன் பின்னால் ஏறிக்கொண்டாள்.